பிஸ்கட் ரின்னில் 41 குளிசை

அம்மாவுக்குப் பிரஷர். போன வருடம் இரண்டு முறை கிளினிக் போகவில்லை. சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு பஸ், பிறகு வரிசை, அந்தக் களைப்புத்தான் என்று நினைத்தேன். ஒருநாள் சாமி அறையில் பிஸ்கட் ரின்னைத் திறந்தால், பிரஷருக்குத் தந்த அம்லோடிபின் உறையோடு அப்படியே. எண்ணினேன், 41 குளிசை.

“கால் வீங்குது பிள்ளை. தலையிடியும் இல்லை, பிறகு என்னத்துக்கு?”

பிரஷர் நோகாமலே கூடும் என்று அவருக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. கணுக்கால் வீக்கம் அந்தக் குளிசையின் தெரிந்த பக்கவிளைவு. ஏசவில்லை. ரின்னோடு கூட்டிப் போனேன், டொக்டர் லொசாட்டான் என்ற வேறு பிரஷர் குளிசைக்கு மாற்றினார். வீக்கம் வடிந்தது.

இப்போது குளிசை முடிய ஒரு கிழமைக்கு முன்பே கலண்டரில் வட்டம் போடுகிறோம். கிளினிக்கில் மருந்தை வெளியே பாமசியில் வாங்கச் சொல்லி எழுதித் தந்தால், அந்தத் துண்டு நேரே என் கைக்கு வரும். முன்பு அம்மா காசை நினைத்து மடித்து வைத்துவிடுவாராம்.