விலையில்லா அரிசி வீடு சேராமல் போவதற்கான தவறுகள்

தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ உண்டு. அப்படியிருந்தும் ஒரு சிற்றூரில் தனித்து வாழும் மூதாட்டியின் அரிசிப் பானை காலியாக இருக்கிறதென்றால், பெரும்பாலும் அட்டையிலோ கடை வாசலிலோ நேர்ந்த ஒரு தவறுதான் காரணமாக இருக்கும்.

அவற்றுள் என்னை மிகவும் வருத்துவது, "ரேகை விழவில்லை" என்று சொன்னதும் வெறும் பையோடு திரும்பிவிடுவது. நாற்று நட்டும் கதிர் அறுத்தும் ரேகை தேய்ந்துபோன விரலை ஒரு பாட்டி சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துக் கருவியில் வைத்ததையும், நான்காம் முறையும் பதியாதபோது தாமே ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல வரிசையிலிருந்து விலகி நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். கையைக் கழுவி ஈரம் போக உலர்த்திவிட்டு மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் கண் கருவிழிப் பதிவு போன்ற மாற்று வழியைக் கேட்க வேண்டும். கைரேகை பதியவில்லை என்பதற்காக எவருக்கும் உணவுப்பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவு அமைச்சகம் 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நடமாட இயலாதவர்கள், தமக்குப் பதிலாக வாங்கி வருபவரை அங்கீகாரப் படிவத்தின் மூலம் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். இந்தப் படிவத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்களே ஊரில் அதிகம்.

அடுத்தது, திருப்பூருக்கோ சென்னைக்கோ குடிபெயர்ந்துவிட்ட மகனின் பெயரைத் தாயின் அட்டையிலேயே விட்டுவைப்பது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள்களைக் கொண்டுவந்து தருகிறது. ஆனால், கடைக்குச் செல்லக்கூடிய வயதில் ஒருவர் அட்டையில் இருந்தால் அந்த வீடு பட்டியலில் வராமல் போகலாம். மகன் தன் குடும்பத்துக்குத் தனி அட்டை பெறுவதே தாய்க்குச் செய்யும் உதவி. அட்டையையே கையோடு எடுத்துச் சென்றுவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது தாயின் சோற்றைப் பறிப்பதற்குச் சமம்.

அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது கணினி மையத்தாரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிடுவதும் வழக்கமாக நடக்கும் தவறு. வாங்காத பொருளை வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தாலும் அது யாரோ ஒருவரின் கைப்பேசிக்குப் போய்விடும். அதே விண்ணப்பத்தில் அரிசி கிடைக்காத சர்க்கரை அட்டை என்று குறித்துவிட்டால், பிறகு அரிசி அட்டையாக மாற்ற, 2020 டிசம்பரில் அளிக்கப்பட்டதுபோல அரசு வாய்ப்பளிக்கும்வரை காத்திருக்க நேரலாம்.

இவை தவிர, கடைக்கு நெடுந்தொலைவு நடக்க வேண்டிய குக்கிராமத்தார் பகுதிநேரக் கடை வேண்டுமென்று வாய்மொழியாகவே ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலுடன் வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுத்து மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் பொருள் மறுக்கப்பட்டால் அங்கேயே நின்று 1967 என்ற புகார் எண்ணுக்கு அழையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் முன்னால் நின்றால், அவருக்காக அந்த அழைப்பை வரிசையில் இருக்கும் நீங்கள் செய்யலாம்.