சீனி வருத்தம் உள்ளவர்கள் வெளியே போகும்போது கையில் இருக்க வேண்டிய அட்டை

போன வருடம் ஒரு மதியம் அப்பா புறக்கோட்டையில் அலுவலை முடித்துக்கொண்டு 100ஆம் இலக்கப் பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்துகொண்டிருந்தார். காலையில் இன்சுலின் போட்டவர், வீட்டுக்கு வந்து சாப்பிடலாம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறார். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் இரத்தச் சீனி இறங்கி, வியர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, பக்கத்தில் இருந்தவர் மேல் சரிந்துவிட்டார். குடித்திருக்கிறார் என்று நினைத்துப் பம்பலப்பிட்டியில் இறக்கிவிட்டார்கள். சட்டைப் பையில் அட்டை இருந்தது, நான்தான் எழுதிக் கொடுத்தேன், ஆனால் தமிழில் மட்டும் எழுதியிருந்தேன். அதை எடுத்துப் பார்த்த இரண்டு பேருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் வந்து வாசித்த பிறகுதான் சீனி போட்ட தேத்தண்ணீர் கிடைத்தது. அந்தப் பத்து நிமிடத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் முதலில் சொல்வது இதுதான். கொழும்பில் உங்களைத் தூக்குகிற கை யாருடையது என்று தெரியாது, ஆகவே அட்டை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். சிங்களத்தைப் போனில் மொழிபெயர்த்து அப்படியே பார்த்து எழுதாதீர்கள், தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதிக்கொள்ளுங்கள். நீரிழிவுக்குச் சிங்களத்தில் தியவெடியாவ என்பார்கள். வாய் குழற ஆரம்பிக்கும் முன்பே சொல்லக்கூடியதாக "மட்ட தியவெடியாவ தியெனவா, சீனி டிக்கக் தென்ன" என்ற வரியை வீட்டில் எல்லோரும் பாடமாக்கி வையுங்கள்.

அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் நான்கு விஷயம் போதும்: எனக்கு நீரிழிவு இருக்கிறது; நான் குழப்பமாக இருந்து, விழுங்கவும் முடிந்தால் சீனி கொடுங்கள்; நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்; 1990க்கு அழையுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் இனிப்புத் தண்ணீரை ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், பதறும் நேரத்தில் நம் சனம் முதலில் செய்வது அதைத்தான். 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை என்பதையும் வீட்டில் உள்ள வயதானவர்களுக்குச் சொல்லி வையுங்கள், செலவை நினைத்துத் தயங்குவார்கள்.

பின்பக்கம் டொக்டருக்கு. பெயர், வயது, வகை 1 ஆ வகை 2 ஆ, என்ன மருந்து, எதற்கு ஒவ்வாமை, வேறு என்ன வருத்தம், எந்தக் கிளினிக். "சீனிக்குக் குளிசை போடுகிறேன்" என்று எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது, மருந்தின் பெயரே வேண்டும், அதுவும் கம்பனிப் பெயர் இல்லாமல் பொதுப்பெயர். மெட்ஃபோமின் மட்டும் போடுபவருக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிபென்கிளமைட் போன்றதைப் போடுபவருக்கு ஒருமுறை ஏற்றிவிட்ட சீனி சில மணித்தியாலத்தில் திரும்பவும் இறங்கலாம், அதனால்தான் தெளிந்த பிறகும் வோர்டில் வைத்துப் பார்ப்பார்கள். எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் எடுப்பவருக்கு இரத்தச் சீனி பெரிதாக ஏறாமலே கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்) கூடி உடம்பு மோசமாகலாம், அந்தப் பெயர் அட்டையில் இருந்தால் டொக்டர் அதையும் தேடிப் பார்ப்பார். எழுத்துப் பிழை வராமல் கிளினிக் கொப்பியைப் பார்த்தே எழுதுங்கள். மருந்தின் அளவு அடிக்கடி மாறும் என்பதால் அதை லமினேட் பண்ணாமல் தனித் துண்டில் திகதி போட்டு எழுதி, அட்டையோடு சேர்த்து வையுங்கள், ஒவ்வொரு கிளினிக்குக்குப் பிறகும் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் சரி.

தொலைபேசி இலக்கம் இரண்டு வேண்டும், இரண்டுமே இங்கே உள்ளவர்களுடையதாக இருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் மூத்த மகன் கனடாவில் என்று அவருடைய நம்பரைத்தான் முதலில் எழுதுவோம். நடு ரோட்டில் நிற்கிற ஆள் கனடாவுக்கு எடுக்கப் போவதில்லை, அங்கே அது நடுச்சாமமாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் அதைவிடப் பெறுமதி.

இதை எங்கே வைப்பது? அடையாள அட்டையோடு ஒட்டினாற்போல் வையுங்கள், யார் தேடினாலும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். பேர்ஸ், கைப்பை தொலைந்துபோகும் என்பதால் இன்சுலின் போடுபவர்கள் கையிலும் அடையாளத் தகடு ஒன்று போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நாடி பார்க்கக் கையைப் பிடிப்பவர் கண்ணில் அது கட்டாயம் படும், தாலிக்கொடியோடு கோர்த்துச் சட்டைக்குள் போட்டால் படாது. வெளிநாட்டில் இருந்து தருவிக்கத் தேவையில்லை, செட்டியார் தெரு நகைக்கடைகளில் வெள்ளித் தகட்டில் டயபிடிஸ், இன்சுலின் என்ற இரண்டு சொல்லையும் ஒரு போன் நம்பரையும் ஆங்கில எழுத்தில் வெட்டித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

போனிலும் போடலாம். ஐபோனில் ஹெல்த் என்ற இடத்தில் மெடிக்கல் ஐடியை நிரப்பி, பூட்டியிருக்கும்போதும் தெரியும்படி வைக்க வேண்டும், பலர் அந்தக் கடைசி வேலையைச் செய்ய மறந்துவிடுகிறார்கள். அண்ட்ரொயிட்டில் செட்டிங்ஸில் எமர்ஜென்சி என்று தேடினால் வரும். ஆனால் சார்ஜ் இறங்கிய போனால் பிரயோசனம் இல்லை, அதை நம்பி அட்டையை விடாதீர்கள்.

அட்டையோடு சீனியும் இருக்க வேண்டும். குளுக்கோஸ் தூள் ஒரு சின்னப் பொதி எப்போதும் பையில் கிடக்கட்டும். இரத்தச் சீனி 70க்கு (mg/dL) கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்ப்பது, ஏறவில்லை என்றால் இன்னொரு 15. சொக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். கடையில் சோடா வாங்கினால் போத்தலில் உள்ள நிற அடையாளத்தைப் பாருங்கள், பச்சை என்றால் 100 மில்லிலீற்றரில் 2 கிராம் சீனிகூட இல்லை, இந்த நேரத்துக்கு அது உதவாது. அக்கார்போஸ் போடுபவர்களுக்குச் சாதாரணச் சீனி சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும், அதையும் அட்டையில் எழுதிவிடுங்கள்.

கல்யாணப் பேச்சு நடக்கிறது, பிள்ளையின் கையில் இந்தத் தகட்டைப் போட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்று கழற்றி வைக்கிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கையில் போட மனம் வராவிட்டால் அட்டையாவது பையில் இருக்கட்டும்.

எல்லாம் எழுதி முடித்ததும் லமினேட் பண்ண ஓடாதீர்கள். உங்கள் வருத்தம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அப்பாவின் புது அட்டையை எங்கள் மேல்மாடியில் இருக்கும் சிங்கள அக்காவிடம் கொடுத்தேன். முழுதும் வாசித்துவிட்டு, சீனி கொடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள், எவ்வளவு கொடுப்பது என்று கேட்டார். 3 அல்லது 4 தேக்கரண்டி என்று மூன்று மொழியிலும் அவர் முன்னாலேயே எழுதிச் சேர்த்தோம்.