டொப்சோனியன் தாங்கிக்கு எந்தப் பரப்பு? மினுமினுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்

டொப்சோனியன் தாங்கி என்பது தொலைநோக்கிக் குழாயைத் தாங்கி, கையால் தள்ளி மேல்–கீழாகவும் பக்கவாட்டிலும் திருப்ப உதவும் பெட்டி. என் முதல் தாங்கியின் வழுக்கும் பரப்புக்குக் கடையில் இருந்ததிலேயே மினுமினுப்பான ஃபோர்மைக்காவை (மேசைகளின் மேல் ஒட்டும் தகடு) வாங்கினேன். தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி. அன்றிரவு வெள்ளவத்தை மொட்டை மாடியில் வியாழனைப் பிடித்துவிட்டு, குழாயை மெல்லத் தள்ளினேன், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். 'டக்'கென்று துள்ளியது, வியாழனைக் காணோம்.

அலுமாரி நகர்த்தியவர்களுக்கு இது புரியும். அசையும் வரைதான் பாடு, அசைந்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். நின்ற பொருளை அசைக்கத் தேவையான விசைக்கும், அசைந்ததை ஓட வைக்கும் விசைக்கும் உள்ள அந்த இடைவெளிதான் நமக்கு எதிரி. வழுக்குவது மட்டும் போதாது. இரண்டு விசையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 150 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு கிரகம் பார்வைப் புலத்தை ஏறக்குறைய 80 விநாடியில் கடந்துவிடும். அதனால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை, மயிரிழை அளவு தள்ள வேண்டியிருக்கும்.

முதலில், பரப்பு

சான்பிரான்சிஸ்கோ தெருவோரங்களில் பொதுமக்களுக்கு வானம் காட்டிய ஜோன் டொப்சனின் (1915–2014) பெயரைத் தாங்கிய இந்த வகைத் தாங்கிக்கு, இன்றும் நல்ல சோடி டெஃப்லானும் (ஒட்டாத சட்டிகளில் பூசும் வழுக்குப் பிளாஸ்டிக்) சொரசொரப்பான ஃபோர்மைக்காவும்தான். ஆம், சொரசொரப்பானது. சின்னச் சின்ன மேடுகள் உள்ள பரப்பில் டெஃப்லான் மேடுகளின் நுனியில் மட்டும் படும், ஒட்டிப் பிடிக்காது. மினுமினுப்பான தட்டையில் முழுப் பரப்பும் ஒட்டிக்கொள்ளும்.

பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் ஃபோர்மைக்கா சாம்பிள் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். நகத்தால் கீறினால் 'கரகர'வென்று சத்தம் வரவேண்டும். டெஃப்லான் 3 மில்லிமீற்றர் தகடாகக் கிடைத்தால் நல்லது. குழாய் மூட்டுக்குச் சுற்றும் வெள்ளை டேப்பும் டெஃப்லான்தான், ஆனால் இந்த வேலைக்கு உதவாது, சுருண்டு கிழிந்துவிடும். தகடு கிடைக்காவிட்டால் சமையலறையின் வெள்ளைப் பிளாஸ்டிக் வெட்டுப்பலகையில் துண்டு வெட்டலாம். டெஃப்லானுக்குப் பக்கத்தில் வராது, ஆனாலும் மரத்தில் மரம் உராய்வதை விட எவ்வளவோ மேல்.

சுழலும் சாப்பாட்டுத் தட்டுக்குப் போடும் குண்டு பெயாரிங்கை வாங்க ஆசை வரும். வேண்டாம். அதில் உராய்வே இல்லை. காலிமுகத்திடல் காற்றில் குழாய் தானாகவே திரும்பிவிடும், உப்புக்காற்றில் துருவும் பிடிக்கும்.

வாங்குமுன் ஒரு சோதனை

ஃபோர்மைக்காத் துண்டை ஒரு மீற்றர் பலகையின் மேல் ஒட்டுங்கள். டெஃப்லான் துண்டின் மேல் ஒரு கிலோ சீனிப் பக்கெட்டைக் கட்டி அதன்மேல் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். துண்டு தானாக வழுக்கத் தொடங்கும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பலகையைத் தாழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தும்போது விரலால் சுண்டிச் சுண்டிப் பாருங்கள். சுண்டியபின் நிற்காமல் ஓடும் உயரம் எது? பத்துச் சென்ரிமீற்றரை ஒட்டி இரண்டும் வந்தால் அருமையான சோடி. இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால், எவ்வளவு வழுக்கினாலும் அதை விட்டுவிடுங்கள்.

துண்டின் அளவு

ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம். குழாயும் அதைத் தாங்கும் தொட்டில் பெட்டியும் சேர்ந்து 12 கிலோ என்றால், அந்தப் பெட்டி சுழலும் அடிப்பலகையில் 12 சதுர சென்ரிமீற்றர் டெஃப்லான் வேண்டும். மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 2 × 2. பெரிதாக வெட்டினால் இன்னும் நன்றாக வழுக்கும் என்று நினைப்பது இயல்பு. டெஃப்லானில் அது தலைகீழ்: அழுத்தம் கூடினால்தான் உராய்வுக் குணகம் குறையும்.

மூன்று துண்டும் அடிப்பலகையின் மூன்று கால்களுக்கு நேர் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் பலகை வளைந்து ஆடும். டெஃப்லானில் பசை பிடிக்காது. சின்னப் பித்தளை ஆணி இரண்டு அடித்து, தலையைப் பரப்புக்குக் கீழே இறக்கிவிடுங்கள். நான் ஒரு தலையை இறக்க மறந்து, ஃபோர்மைக்காவில் வட்டமாக ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன்.

மேல்–கீழ் அசைவுக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு துண்டு போதும். அங்கே தொலைநோக்கியின் இரு பக்கமும் பூட்டி, அந்தத் துண்டுகளின் மேல் சுழலும் வட்டம் பெரிதாக இருப்பது முக்கியம். அதற்கு 110 மில்லிமீற்றர் பீவீசீ குழாய்த் துண்டு சிறிய தொலைநோக்கிகளுக்குச் சரி; 160 கிடைத்தால் அதையே எடுங்கள்.

கொழும்புக்கென்று ஒரு திருத்தம்

வெளிநாட்டுச் செய்முறைகளைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். நாம் இருப்பது வடக்கு 7 பாகையில். சந்திரனும் கிரகங்களும் உச்சிக்கு வரும்போது பெரும்பாலும் 60 பாகைக்கு மேலேயே இருக்கும். சில மாதங்களில் தலைக்கு நேர் மேலே. குழாய் நிமிர்ந்து நிற்கும்போது அதைப் பக்கவாட்டில் சுற்றுவது, கைப்பிடி இல்லாத ஆட்டுக்கல்லைச் சுற்றுவது போல. ஆகவே பக்கவாட்டு அசைவைத்தான் முதலில் இலகுவாக்க வேண்டும்.

அது இறுக்கமாக இருந்தால், பெட்டி சுழலும் நடு ஆணியைச் சுற்றி, பெட்டிக்கும் அடிப்பலகைக்கும் இடையில், ஐஸ்கிறீம் டப்பா மூடியில் வெட்டிய வட்டங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எடையில் ஒரு பங்கு நடுவுக்கு மாறும், சுற்றுவது இலகுவாகும். அளவு மீறினால் பெட்டி அந்த ஆணியின் மேல் ஆடத் தொடங்கும். உடனே ஒன்றைக் கழற்றுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், காலி வீதித் தூசி முழுக்க அதில் ஒட்டும். கார் வாக்ஸ் கொஞ்சம் பூசி, உலர்ந்தபின் துடைக்கலாம்.

ஈரக்காற்று இன்னொரு தொல்லை. ஒட்டுப்பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஃபோர்மைக்கா ஒட்டினால் நாளடைவில் வளையும். மறுபக்கத்திலும் ஒரு மலிவான தாளை ஒட்டி, விளிம்புகளுக்கு வார்னிஷ் அடியுங்கள்.

கடைசியாக, குழாயைப் பாதி உயரத்தில் வைத்து, வாய்ப்பக்கத்தில் விற்றராசைக் கொளுவி இழுங்கள். அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடையில் அசையத் தொடங்கினால் சரி. அசைந்த பிறகு முள் சட்டென்று கீழே விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் துண்டுகளைக் கழற்றி, விளிம்புகளை அரத்தால் மழுக்கிவிட்டு மறுபடி பூட்டுங்கள். என்னுடையதில் இரண்டாம் தடவைக்குப் பிறகு முள் அசையவில்லை.