முதன்முறையாகத் தலை அலங்காரச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு

தலை பின்னக் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, என்ன சாமான் வாங்கட்டும்?" என்றுதான். பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலும் இருக்கும். அதன் தலைப்பில் முடியை நேராக்கும் ஸ்ட்ரெயிட்னர், கடைசியில் ஊசியும் சீப்பும். நான் அந்தப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி எழுதச் சொல்வேன். காலை முகூர்த்தம் முதல் இரவு வரவேற்பு வரை ஒரு கொண்டை கலையாமல் நிற்பது ஊசியின் பலத்தில்தான். அந்தச் சின்னச் சாமான்களைத் தொட்டுப் பார்த்து வாங்கத் தெரிந்த பிறகு மின்சாதனங்களைப் பார்க்கலாம்.

முதல் படி: வீட்டில் பார்க்க வேண்டியவை

தலை வாரியபோது சீப்பில் வந்த முடியில் கொஞ்சம் எடுத்து, வெள்ளைத் தாளில் மடித்துப் பையில் வையுங்கள். சவுரி, அதாவது பின்னலோடு சேர்த்துக் கட்டும் ஒட்டு முடி, வாங்கும்போது நிறம் ஒத்துப் பார்க்க இது வேண்டும். நம்மில் பலருக்கு முடி முழுக் கறுப்பு இல்லை, வெயிலில் பார்த்தால் பழுப்பு ஓடும். அடுத்து, எந்தக் கண்ணாடியின் முன் அலங்காரம் செய்யப்போகிறீர்களோ அதன் பக்கத்தில் உள்ள பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். சிறிய துளைகள் உள்ளது 6 ஆம்பியர், பெரிய துளைகள் உள்ளது 16 ஆம்பியர். இதை எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: கடையும் நேரமும்

சென்னையில் மொத்த விலைக்கு வேண்டுமானால் பாரிமுனை பந்தர் தெருப் பக்கம் போகலாம். அங்கே டஜன் கணக்கில், பாக்கெட் கணக்கில்தான் பேச்சு. ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம் போன்ற நாட்டிய, திருமண அலங்காரங்களுக்கு மயிலாப்பூர் மாட வீதிகள். ஆனால் முதல் முறை என்றால் உங்கள் ஊர் ஃபேன்சி ஸ்டோரே நல்லது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க விடுவார்கள், சரியில்லை என்றால் மறுநாள் போய்ச் சொல்லலாம். எங்கே போனாலும் வாரநாளில், கூட்டம் சேராத முற்பகலில் போங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ரங்கநாதன் தெருவில் நின்றுகொண்டு சீப்பின் பல்லைச் சோதிக்க முடியாது.

மூன்றாம் படி: சீப்பு

மூன்று போதும். சிக்கு எடுக்க அகலப் பல் சீப்பு, வகிடு எடுக்க வால் சீப்பு, படிய வார நெருக்கப் பல் சீப்பு. மலிவான பிளாஸ்டிக் சீப்புகளில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில், ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் மெல்லிய வரம்பு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, முடியை அறுத்துவிடும். துப்பட்டாவின் நுனியைப் பற்களுக்கிடையே மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் மாட்டினாலும் அந்தச் சீப்பு வேண்டாம். வால் சீப்பில் வால் உலோகமாக இருந்தால் வகிடு நேராக வரும், ஆனால் நுனி மழுங்கலாக இருக்க வேண்டும். உங்கள் உள்ளங்கையில் கோடு இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காம் படி: ஊசிகள்

இங்கே அவசரப்படாதீர்கள். ஸ்லைடும் கொண்டை ஊசியும் வேறு வேறு வேலைக்கானவை. ஸ்லைடுக்கு இரண்டு கால்கள் ஒட்டி இருக்கும். ஒன்று நேர், மற்றது நெளி. நெளிந்த கால்தான் தலையோடு ஒட்டி உள்ளே போக வேண்டும், முடியைப் பிடிப்பது அதுதான். பலர் ஆயுள் முழுக்கத் தலைகீழாகக் குத்திவிட்டு, ஊசி நிற்கவில்லை என்று வருந்துகிறார்கள். வாங்கும்போது அட்டையிலிருந்து ஒன்றைக் கழற்றி விரித்து விடுங்கள். கால்கள் இடைவெளி இல்லாமல் திரும்பி ஒட்ட வேண்டும். வாய் பிளந்தபடி நின்றால் அந்த அட்டை முழுவதும் அப்படித்தான் இருக்கும். பிறகு நுனியை நகத்தால் நிமிண்டுங்கள். நுனியில் உள்ள சிறு குமிழ் உதிர்ந்தால் அது உச்சந்தலையைக் கீறும் ஊசி.

கொண்டை ஊசிக்கு இரண்டு கால்களும் விலகி நிற்கும். கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 வளைவுகளுக்கு இந்த ஊசியின் பெயரைத்தானே வைத்திருக்கிறோம், அதே வடிவம். இதற்குப் பிடிப்பு குறைவு, தாங்கும் வலு அதிகம். கொண்டையின் பாரத்தையும் பூச்சரத்தையும் தாங்க இதுவே சரி. கால்கள் லேசாக நெளிந்திருப்பதை எடுங்கள், வழவழவென்று நேராக இருப்பது நழுவும். பூ வைத்த ஒரு மணப்பெண் கொண்டைக்கு எனக்கு 30 ஊசிக்குக் குறைந்து போனதில்லை. ஆகவே பாக்கெட்டாகவே வாங்குங்கள்.

பின்னல் நுனிக்குத் துணி சுற்றிய ரப்பர் பேண்ட் வாங்குங்கள். உலோக இணைப்பு இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள், அது முடியை இழுத்து அறுக்கும்.

ஐந்தாம் படி: சவுரி

தாளில் மடித்த முடியை இங்கே எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாச் சவுரியும் கறுப்புத்தான். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பாருங்கள்.

"அசல் முடி" என்று சொன்னால், அனுமதி கேட்டு ஓர் இழையை வாங்கி, கடைக்கு வெளியே தீக்குச்சியில் காட்டுங்கள். மனித முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். நைலான் சுருண்டு உருகி, கடினமான மணியாக இறுகும். திருப்பதியில் பக்தர்கள் காணிக்கையாகத் தரும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அயல்நாட்டு விக் வணிகத்தில் நீளமான முடிக்கு நல்ல கிராக்கி. எனவே சில நூறு ரூபாய்க்கு நீண்ட அசல் சவுரி என்று சொன்னால் நம்ப வேண்டாம். நைலான் சவுரி மோசம் என்றும் நினைக்காதீர்கள், பின்னிப் பூ வைப்பதற்கு அது தாராளம். அதன் அருகே சூடு மட்டும் போகக்கூடாது. ஒரு கடையில் அசல் என்று கேட்டு வாங்கிய சவுரியை, நிச்சயதார்த்தம் ஒன்றில், முடியைச் சுருட்டும் சூடான கர்லிங் ராடில் சுற்றினேன். உருகி ராடோடு ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்திறங்கிய நேரம் அது. அன்று முதல் தீக்குச்சி இல்லாமல் சவுரி வாங்குவதில்லை.

ஆறாம் படி: மின்சாதனங்கள்

இப்போது பிளக் பாயின்ட் கணக்கு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 6 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது 6 பெருக்கல் 230, அதாவது 1380 வாட். ஆகவே 1000 அல்லது 1200 வாட் ஹேர் டிரையர் அதில் ஓடும். 2000 வாட் டிரையருக்கு 16 ஆம்பியர் வேண்டும். மாற்று பிளக் போட்டுச் சிறிய பாயின்ட்டில் செருகினால் பாயின்ட் சூடேறிக் கருகும். திருமண மண்டபங்களின் அலங்கார அறைகளிலும் இதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த சாதனமா? அடியில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நேரடியாகச் செருகாதீர்கள், சில நொடிகளில் போய்விடும். 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை.

ஸ்ட்ரெயிட்னரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் ஆன், ஆஃப் பொத்தான் மட்டும் உள்ளதைத் தொடாதீர்கள். மெல்லிய முடிக்கு 150 டிகிரி போதும், அடர்த்தியான முடிக்கும் 180க்கு மேல் நான் போவதில்லை. ஈர முடியில் வைக்கவே கூடாது. முடிக்குள் இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி, உள்ளே குமிழ் விட்டு, அந்த இடத்தில் முடி ஒடியும். கர்லிங் ராடு முதலில் ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் 25 மில்லிமீட்டர் தடிமனில் வாங்குங்கள், பெரும்பாலான நீளத்துக்கும் பொருந்தும்.

ஏழாம் படி: பணம் கொடுப்பதற்கு முன்

மின்சாதனத்தைக் கடையிலேயே செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வயர் கைப்பிடியில் சேரும் இடத்தை அசைத்துப் பாருங்கள், முதலில் பழுதாவது அங்கேதான். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் கேட்கக்கூடாது, குறைத்துக் கேட்க உங்களுக்குத் தடையில்லை. உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழுந்த பிறகு பணம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சீப்புகளையும் சவுரியையும் ஷாம்பூ கலந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஊசிகளைக் குளியலறையில் வைக்காமல், மூடி இறுகும் டப்பாவில் போட்டு வையுங்கள்.