முதல்வர் காப்பீடு: கவுண்டரில் பணம் கட்டுவதற்கு முன்னால்

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கட்டைப்பையில் ஸ்கேன், ரசீது எல்லாம் திணித்துக்கொண்டு வந்தான். "அண்ணே, அம்மாவுக்கு ஸ்டென்ட் வெச்சாச்சு. முதல்வர் காப்பீட்டு அட்டையும் இருக்கு. கட்டின பணத்தை எப்படித் திரும்ப வாங்குறது?" தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையைத்தான் சொன்னான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டு அலைந்தேன். ஆதார் வேண்டும், வருமானச் சான்று வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்பது

வாங்க முடியாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் மாதம் ஒருவராவது ரசீதோடு வருகிறார். தனியார் மெடிக்கிளெய்மில் பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கியவர்களைப் பார்த்துப் பழகியதால் இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தத் திட்டத்தில் நோயாளி கையில் பணம் வராது, மருத்துவமனைக்குத்தான் போகும். அதற்கு மருத்துவமனைதான் காப்பீட்டுத் தரப்பிடம் ஒப்புதல் கேட்டு வாங்க வேண்டும்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது ராத்திரி இரண்டு மணிக்கு. தனியார் மருத்துவமனை ஒன்றில் அட்வான்ஸ் நாற்பதாயிரம் கேட்டார்கள், விடிந்ததும் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். அட்டை வீட்டு பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அதே சிகிச்சை காப்பீட்டில் நடக்கிறது என்று தெரிந்து கவுண்டருக்கு ஓடினால், "பணம் கட்டி அட்மிஷன் போட்டாச்சே, இனி மாத்த முடியாது" என்றார்கள். அந்தச் சங்கிலியை மீட்க மூன்று வருஷம் ஆனது.

அதனால் வாசலிலேயே, பெயர் பதியும்போதே "முதல்வர் காப்பீட்டில் வந்திருக்கிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காப்பீட்டைப் பார்க்கிறவர் யார் என்று கேட்டு அவரிடமே போங்கள். திட்டத்தில் இருக்கிற மருத்துவமனையா என்று கேட்பது மட்டும் போதாது. கண்ணுக்கு அனுமதி வாங்கிய இடத்தில் இதயத்துக்கு இல்லாமல் இருக்கலாம், அதனால் இந்தச் சிகிச்சைக்கு இங்கே உண்டா என்று கேளுங்கள். ஒப்புதல் வந்ததா என்று தெரியாமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள். அவசரம் என்றாலும் உடனே ஒப்புதல் கேட்கச் சொல்லலாம். காப்பீட்டில் வருகிற சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் அங்கேயே நின்று 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.

காய்ச்சல், மாத்திரைச் செலவு

சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற செலவு இதில் வராது.

பெரியாஸ்பத்திரிக்கு அட்டை எதற்கு?

அங்கேயும் கொடுங்கள். காப்பீட்டுத் தொகை அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரும்.

வருமானம் தாண்டிவிட்டது என்று ஒதுங்கிவிடுவது

முதல்வர் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அது சரி. ஆனால் 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை 2024 அக்டோபரில் விரிவாக்கியிருக்கிறார்கள். மகன் சம்பளத்தைச் சொல்லித் தாத்தா பாட்டியை வீட்டிலேயே உட்கார வைத்துவிடாதீர்கள், விசாரியுங்கள்.

ரேஷன் கார்டில் பெயர் இல்லாத பெற்றோர்

மகன் கல்யாணமாகித் தனிக்கார்டு வாங்கும்போது அம்மா பெயரையும் அதில் கொண்டுபோய்விடுகிறான், அப்புறம் ஏதோ சண்டையில் நீக்கிவிடுகிறான். அந்த அம்மா எந்தக் கார்டிலும் இல்லை. பெயர் கார்டில் இருந்தால்தான் காப்பீட்டிலும் குடும்பத்தில் ஒருவர். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோதுதான் இது தெரிந்தது. மகளுடைய கார்டில் பெயர் சேர்க்க மனு எழுதும்போது, கைரேகை தேய்ந்துபோன அந்த விரலை மூன்று தடவை துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருந்தது. இன்று ராத்திரி கார்டை எடுத்து, அம்மா அப்பா பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.