வன்னியில் மங்கலாக வரும் ரீவிக்கு எந்த அன்ரெனா?

முதலில் திரையைப் பாருங்கள். புள்ளி புள்ளியாக இரைந்தால் சிக்னல் போதவில்லை. உருவம் இரட்டையாகத் தெரிந்தால் அலை எங்கோ பட்டுத் தெறித்து வருகிறது. அதற்குப் பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) உதவாது, ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும், கம்பிகள் கூடிய நீள யாகி அன்ரெனாதான் வேண்டும்.

ரீவி அலைகள் விஎச்எஃப், யூஎச்எஃப் என்று இரண்டு வகை; அதற்கேற்ப அன்ரெனாக் கம்பியை அளந்து வாங்குங்கள். 200 மெகாஹேட்ஸ் அளவிலான விஎச்எஃப்புக்கு ஏறத்தாழ 75 செ.மீ., 600 மெகாஹேட்ஸ் யூஎச்எஃப்புக்கு 25 செ.மீ. ஒன்றுக்குரியது மற்றதுக்குச் சரிவராது.

ரீவி சிக்னலை அனுப்பும் கொக்காவில் கோபுரம் எவ்வளவு உயரமானாலும், இடையில் நிற்கும் பனை வடலி சிக்னலைத் தின்னும், மழையில் நனைந்தால் இன்னும் கூட. அன்ரெனா நிற்கும் குழாயை ஓலைக்கு மேலே உயர்த்துங்கள். முடியாவிட்டால் முற்றத்தில் இடைவெளி பார்த்து நகர்த்துங்கள். இரண்டு மீட்டர் நகர்த்தினாலே படம் தெளிவதுண்டு.

பூஸ்டரை ரீவிக்குப் பின்னால் வைக்காதீர்கள். அன்ரெனாவிலிருந்து வரும் 20 மீட்டர் ஆர்ஜி-6 வகைக் கேபிள் யூஎச்எஃப் சிக்னலில் பாதியளவை விழுங்கிவிடும். மிஞ்சியதைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அன்ரெனாவுக்கு அருகிலேயே கட்டுங்கள். கோபுரத்துக்குக் கிட்ட, மாங்குளம் பக்கம் இருப்பவர்கள் பூஸ்டரைக் கழற்றியும் பாருங்கள்: பலத்த சிக்னல் அதைத் திணறடித்து, மெல்லிய நிலையத்தை மூடிவிடும்.

இணைப்பில் தண்ணீர் இறங்காதபடி ரப்பர் ரேப் சுற்றுங்கள். குழாயைத் தடித்த செப்புக் கம்பியால் எர்த் பண்ணுங்கள். இடி முழங்கும்போது கேபிளைத் தொடவே வேண்டாம்.