லார்ப் விதி மாற்றத்துக்கு உருப்படியான கருத்து எழுதுவது எப்படி?

லார்ப் என்பது ஒரு பாத்திரமாக வேடமிட்டு, களத்தில் நேரில் ஆடும் விளையாட்டு. அதில் ஒரு விதி மாறிய அன்றே "இது சரிவராது", "இதுக்கு இப்படி வைங்க" என்று கருத்துகள் குவியும். விதி எழுதுபவருக்கு இந்த இரண்டாலும் பெரிய பயனில்லை. களத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்தால்தான் எந்தச் சொல்லைத் திருத்துவது என்று புரியும்.

1. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

மாறிய சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். மாற்றத்துக்குக் காரணம் சொல்லியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சண்டை சீக்கிரம் முடியட்டும் என்று கொண்டுவந்த விதியை "யதார்த்தமாக இல்லை" என்று குறை சொன்னால், பேச்சு எங்கேயோ போய்விடும்.

2. களத்திலேயே குறியுங்கள்

பாக்கெட் நோட்டும் பென்சிலும் போதும். போனைப் பரிந்துரைக்க மாட்டேன்: இரவுக் காட்சியில் அந்தத் திரை வெளிச்சம் சுற்றியிருப்பவர்களின் ஆட்டத்தையும் கெடுக்கும். காட்சி முடிந்ததும் ஓரமாகப் போய் இரண்டு வரி எழுதினால் போதும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் கோபம்தான் நினைவிருக்கும், விவரம் இருக்காது.

3. நடந்தது, விளைவு, யோசனை: மூன்றையும் பிரியுங்கள்

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். ஓர் உதாரணம். கவசத்துக்கு 3 புள்ளி, அடி பட்டால் குறையும். முன்பு சண்டை முடிந்ததும் அது தானாகத் திரும்பிவிடும். புதிய விதிப்படி, "அடி படாமல் 60 எண்ணினால்" திரும்பும்.

மோசமான கருத்து: "கவசம் போடுறதே வேஸ்ட். 30 ஆக்குங்க."

நல்ல கருத்து:

நடந்தது: 42 எண்ணியபோது என் கேடயத்தில் ஓர் அடி விழுந்தது. அதுவும் அடிதான், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணு என்றார் எதிராளி. நடுவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

விளைவு: சண்டை நின்றது. அடுத்த மோதலுக்குக் கவசம் இல்லாமலே போனேன்.

யோசனை: கேடயத்தில் விழும் அடி கணக்கா, இல்லையா என்று விதியிலேயே எழுதலாம்.

60ஐ 30 ஆக்கினாலும் அந்தத் தகராறு தீராது. சிக்கல் எண்ணில் இல்லை, "அடி" என்ற சொல்லில் இருக்கிறது. யோசனையை மட்டும் அனுப்பியிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. யோசனை தோன்றாவிட்டால் அந்த வரியைக் காலியாக விடுங்கள். முதல் இரண்டும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

4. முடிந்தால் சோதித்துப் பாருங்கள்

ஆட்டத்துக்கு வெளியே, ஐந்துக்கு ஐந்து பேர், எட்டுச் சுற்று, ஓர் அணிக்கு மட்டும் கவசம். பழைய விதியையும் புதிய விதியையும் மாற்றி மாற்றி ஆடுங்கள். புதியதைக் கடைசியில் மொத்தமாக வைத்தால், களைப்பால் வந்த மந்தத்தை விதியின் தலையில் கட்டிவிடுவீர்கள். நான்கு சுற்று முடிந்ததும் கவசத்தை மற்ற அணிக்குக் கொடுங்கள். இல்லையென்றால் கெட்டிக்கார அணி ஜெயித்ததா, கவசம் ஜெயித்ததா என்று தெரியாது. ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள், நடுவரை எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று கோடு போடுங்கள். எட்டுச் சுற்றை வைத்து சமநிலையைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் குழப்பமான வாசகம் இரண்டாவது சுற்றிலேயே பல்லிளித்துவிடும்.

5. ஒரு நாள் கழித்து அனுப்புங்கள்

ஒரு குறிப்பில் ஒரே விதி, அரைப் பக்கம். நீங்கள் என்ன பாத்திரம், எத்தனை ஆட்டம் ஆடியவர் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். கவசம் போட்டு முன்வரிசையில் நிற்பவர் பார்த்ததும் மந்திரவாதி பார்த்ததும் ஒன்றாக இருக்காது. எதிராளியின் பெயர் வேண்டாம். "ஈட்டி வைத்திருந்தவர்" போதும்.

பாதுகாப்பு விஷயத்துக்கு மட்டும் இந்த ஒரு நாள் பொருந்தாது. புதிய விதியால் தலையில் அடி விழுகிறது, இருட்டில் ஓட வேண்டியிருக்கிறது என்றால் அங்கேயே ஆட்டத்தை நிறுத்தி நடுவரிடம் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: "இந்த விதியால் என் பாத்திரமே உதவாமல் போய்விட்டது, அதையும் சேர்த்து எழுதலாமா?" தனியாக எழுதுங்கள். திறன்களை மாற்றி வாங்க அனுமதி கேட்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் அது விதிக் குறிப்புக்குள் வந்தால், மேலே எழுதிய அத்தனையும் அந்தக் கோரிக்கைக்கான வாதமாகவே படிக்கப்படும். இழந்த திறன், அதற்குச் செலவான புள்ளிகள், பதிலாக வேண்டியது என மூன்றே வரியில் கேம் மாஸ்டருக்கு (ஆட்டத்தை நடத்துபவருக்கு) அனுப்புங்கள்.